பெஞ்சில் கழியும் நிமிடங்கள்

2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி சனிக்கிழமை இரவு, மணி பதினொன்றைத் தாண்டிய பிறகும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒட்டுக்கடை ஒன்றில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே ஆசியச் சாம்பியன்ஸ் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் தமிழ்நாட்டில் என்றாலும் கடையில் இருந்த அத்தனை பேரும் மலேசியாவின் பக்கம்தான். ஆறு நாள்களுக்கு முன் இதே இந்தியாவிடம் 5-0 எனத் தோற்றிருந்த நம் அணி, முந்தைய நாள் அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான தென்கொரியாவை 6-2 என வீழ்த்திவிட்டு வந்து, இடைவேளைக்குள் 3-1 என முன்னிலை பெற்றிருந்தது. பிறகு 45ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங், கோல் காவலரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் போட்டார். அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொன்று போட்டார். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் போட்ட கோலோடு 4-3 என ஆட்டம் இந்தியாவின் கைக்குப் போய்விட்டது.

கோல் போட்டவர்களின் திறமையைப் பற்றிக் கடையில் ஒருவரும் பேசவில்லை. பேச்சு முழுவதும் பெஞ்சைப் பற்றியே இருந்தது. “நல்லா ஓடிக்கிட்டிருந்தவன இப்பப் போயி ஏன்லா உக்கார வெக்கிறான்?” என்று ஒருவர் தொடங்கி வைக்க, ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்லி, அவரை ஏன் வெளியே எடுத்தார்கள், இவரை ஏன் இன்னும் இறக்கவில்லை என்று தே ஆறிப்போகும் வரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். இதே கேள்வியை ஈப்போ அஸ்லான் ஷா அரங்கின் படிக்கட்டுகளிலும், பள்ளித் திடல்களின் ஓரத்திலும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், நானும் கேட்டிருக்கிறேன். ஹாக்கி ரசிகரின் இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் விழக்கூடாத இடத்தில் விழுகிறது என்பதையும், விழ வேண்டிய இடத்தில் விழாமல் போகிறது என்பதையும் விளக்க, ஆட்டக்காரர்களை மாற்றும் முறை எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் காற்பந்து பார்த்து வளர்ந்தவர்கள். காற்பந்தில் வெளியே அழைக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே வெளியே அழைப்பது ஒரு தீர்ப்பு. முன்பு ஹாக்கியிலும் அப்படித்தான் இருந்தது. 1992இல் வரம்பில்லாமல் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் முறை வந்த பிறகு, ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றானது. கோல் காவலரை மாற்றும்போது தவிர மற்ற நேரங்களில் இதற்காகக் கடிகாரம் நிறுத்தப்படுவதில்லை. நடுவரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. நடுக்கோட்டுக்கு அருகில் ஒருவர் வெளியே வர, மற்றவர் உள்ளே ஓட வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண் பம்பை நிரப்ப நிரையை விட்டு ஓரத்துக்கு வந்தால், வேலை தெரியாததால் வந்துவிட்டாள் என்று வேலையை மேற்பார்க்கும் எந்தத் தண்டலும் நினைக்கமாட்டார். இன்றைய ஹாக்கியில் பெஞ்சு பெரும்பாலான நேரம் அந்தப் பம்பு நிரப்பும் இடம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முன்பு ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக, மொத்தம் 70 நிமிடம் நடந்தது. அனைத்துலக ஆட்டங்களில் 2014 முதல் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக, 60 நிமிடமாக மாறிவிட்டது. கோல் காவலரை விட்டுவிட்டால் திடலில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் பத்துப் பேர். ஆக, ஒரு பயிற்றுநர் பங்கிட்டுக் கொடுக்கக் கையில் இருப்பது 600 நிமிடம். அணியில் 18 பேர் என்றும் அவர்களில் இருவர் கோல் காவலர்கள் என்றும் வைத்துக்கொண்டால், மீதமுள்ள 16 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 37 நிமிடம் 30 விநாடி கிடைக்கும். ஆனால் யாரும் சமமாகப் பங்கிடுவதில்லை. தற்காப்பில் நிற்கும் மூவர் ஆளுக்கு 55 நிமிடம் ஆடுகிறார்கள் என்றால் அதிலேயே 165 நிமிடம் போய்விடும். எஞ்சிய 435 நிமிடத்தைப் பதின்மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதாவது ஆளுக்கு 33 நிமிடம் சொச்சம். நமக்குப் பிடித்த முன்கள ஆட்டக்காரருக்கு 45 நிமிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போது, வேறு யாருடைய பங்கிலிருந்து அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

முன்களத்தில் இருப்பவர்கள் குறைவாகவும் தற்காப்பில் இருப்பவர்கள் அதிகமாகவும் ஆடுவது ஓரவஞ்சனையால் அன்று. எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரர் பந்தை வெளியே எடுத்துவர முயலும்போது அவரை நெருக்கிப் பிடிக்க முதலில் பாய்பவர்கள் முன்கள ஆட்டக்காரர்கள். அந்தப் பாய்ச்சல் முழு வேகத்தில் இருந்தால்தான் பயன் உண்டு. பாதி வேகத்தில் பாய்வதைவிடப் பாயாமல் நிற்பதே மேல், ஏனென்றால் தாண்டப்பட்ட ஓர் ஆட்டக்காரரால் அவருக்குப் பின்னால் நிற்கும் நால்வரும் இடம் மாற வேண்டியிருக்கும். ஆகவே பல அணிகளில் முன்கள ஆட்டக்காரர்கள் ஐந்து, ஆறு நிமிடம் ஆடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் போகிறார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, சட்டைக்குள், ஜிபிஎஸ் கருவி இருக்கும் சிறிய உள்ளங்கியை அணிந்தே தேசிய அணியினர் ஆடுகிறார்கள். யாருடைய ஓட்டம் எந்தக் கட்டத்தில் தளரத் தொடங்குகிறது என்பதை அணியின் உடற்பயிற்சி நிபுணர் அதைக் கொண்டு கணிக்கிறார். படிக்கட்டிலிருந்து பார்க்கும் நமக்கு அவர் நன்றாகத்தான் ஓடுகிறார் என்று தோன்றும்போதே அவரை வெளியே அழைப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்: தளர்ந்த பிறகு அழைத்தால் அது தாமதம்.

ஆனால் எவ்வளவு துல்லியமாகத் திட்டமிட்டாலும் இந்தச் சுழற்சி முறையில் ஒரு பொறி இருக்கிறது. தற்காக்கும் அணி தன் கோலுக்கு முன் உள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெனால்டி கார்னர். அது கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து முடியும் வரை ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது. தற்காக்கும் அணியின் கோல் காவலர் காயமடைந்தாலோ, அட்டை காட்டி வெளியேற்றப்பட்டாலோ மட்டும் விலக்கு உண்டு. ஒரு கார்னரிலிருந்தே அடுத்த கார்னர் கிடைத்தாலும் தடை நீடிக்கும். இதன் பொருள் என்னவென்றால், பந்தை இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் வல்லுநர் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குள் கார்னர் கிடைத்துவிட்டால், அவர் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ரசிகர்கள் அடித்தொண்டையிலிருந்து கத்துவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். “அவன எறக்குலா!” என்று நானே ஈப்போவில் கத்தியிருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்து, “இப்ப எறக்க முடியாது, அங்கிள்” என்றான். விதி அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உலகின் பெயர்பெற்ற டிராக் ஃப்ளிக் வல்லுநர்களில் பலர் தற்காப்பு ஆட்டக்காரர்களாக இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். இந்தியாவின் ஹர்மன்பிரீத் அப்படித்தான். அன்று சென்னையில் 18ஆவது நிமிடத்தில் நமக்கு இரண்டாவது கோலைப் போட்ட ரஸி ரஹிமும் அப்படித்தான். தற்காப்பில் நிற்பவர் குறைவாகவே உட்காருவதால், கார்னர் கிடைக்கும்போது அவர் திடலில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். அணியில் இன்னொரு வீச்சாளர் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே உட்காராமல் பார்த்துக்கொள்வது பயிற்றுநரின் அடிப்படைக் கடமை. அதில் தவறினால் நாம் கத்துவதில் முழு நியாயம் உண்டு. ஒரு முன்கள ஆட்டக்காரர் ஆறு நிமிடத்தில் வெளியே வந்ததற்காக வருத்தப்படுவதைவிட, எதிரணியின் வட்டத்துக்குள் நம் தாக்குதல் மும்முரமாக இருக்கும் நேரத்தில் இரண்டு வீச்சாளர்களும் வெளியே இருப்பதற்காகக் கோபப்படுவதே ஆட்டம் தெரிந்தவர் படவேண்டிய கோபம்.

மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இறக்கும் முடிவு எவ்வளவு பெரிதாகும் என்பதை மலேசிய ஹாக்கி 1975லேயே தன் மண்ணில் பார்த்துவிட்டது. அந்த ஆண்டு உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் இந்தியாவுக்கு எதிராக மலேசியா 2-1 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், இந்தியாவின் பெஞ்சில் இருந்த அஸ்லம் ஷேர் கான் இறக்கப்பட்டார். பெனால்டி கார்னரிலிருந்து அவர் அடித்த கோலில் ஆட்டம் சமமானது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலில் இந்தியா 3-2 என வென்று, இறுதியில் பாகிஸ்தானையும் 2-1 எனத் தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்துச் சென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் அதற்கு மேல் நாம் இன்று வரை போனதில்லை. எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டியவர்களிடம் அஸ்லம் ஷேர் கான் என்ற பெயரைச் சொன்னால், நேற்று நடந்ததைப் போல முகம் சுருங்கும்.

அப்படி முகம் சுருங்குபவர்களில் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் தண்டல் மாமா. பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலம் வரை விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டில் நின்று ஆள் கணக்கு எழுதியவர். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஆட்டங்கள் நடக்கும்போது, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் பந்துமுனைப் பேனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு வருவார். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சட்டை எண்கள். மேலே இடமிருந்து வலமாக நிமிடங்கள். ஆள் உள்ளே இருந்தால் கோடு ஓடும். வெளியே வந்தால் கோடு நின்றுவிடும். வேலைக்கு வராதவருக்குப் பெரட்டில் போடும் அதே சிறிய வட்டத்தை, பெஞ்சில் இருப்பவருக்கும் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பக்கம் விட்டு விட்டுப் பெய்த மழையைப் போல இருக்கும்.

ஒருமுறை ஓர் ஆட்டம் முழுவதும் குறிப்பிட்ட ஒரு முன்கள ஆட்டக்காரரை உட்கார வைத்தே கொன்றுவிட்டார்கள் என்று அவர் புலம்பிக்கொண்டு வந்தார். வீடு திரும்பும் வழியில் காரில் விளக்கைப் போட்டுக் கோடுகளைக் கூட்டிப் பார்த்தோம். முன்களத்தில் இருந்தவர்களில் அதிக நேரம் ஆடியவர் அந்த ஆட்டக்காரர்தான். மாமா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர், சுங்கை சிப்புட் வரும் வரை பேசவில்லை. நம் கண் ஒருவர் ஆடும் நேரத்தை அளப்பதில்லை, அவர் இல்லாத நேரத்தில் நடந்த கெட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

இந்த நோட்டுக்குத் தேவை இருப்பதே ஒரு குறை என்பேன். கனடாவில் படிக்கும் என் நண்பர் மகன் அங்கே ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகிவிட்டான். அது நம் ஹாக்கியைவிட வேகமான சுழற்சி கொண்ட ஆட்டம். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பொதுவாகப் பன்னிரண்டு முன்கள ஆட்டக்காரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளிலும், ஆறு தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர் இருவராக மூன்று இணைகளிலும் மாறி மாறி இறங்குகிறார்கள். ஒருமுறை இறங்கினால் முக்கால் நிமிடம் போலத்தான் பனியில் இருப்பார்கள். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் யார் பனியில் எத்தனை நிமிடம் எத்தனை விநாடி இருந்தார் என்பதை அதிகாரபூர்வமாக வெளியிட்டுவிடுகிறது. முதல் இணையில் உள்ள தற்காப்பு ஆட்டக்காரர் இருபத்தைந்து நிமிடம் ஆட, நான்காம் வரிசை இளைஞர் எட்டு, ஒன்பது நிமிடத்தோடு திரும்புவதை அங்குள்ள ரசிகர் எண்ணாகவே பார்க்கிறார். அதனால் அவருடைய கோபம் குறைந்துவிடவில்லை என்று நண்பர் மகன் சொல்கிறான்; திறமையுள்ள இளைஞரை நான்காம் வரிசையில் முடக்கி வைத்திருக்கும் பயிற்றுநரை அவர்களும் திட்டித் தீர்க்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டை ஒரு பொதுவான எண்ணின் மேல் நடக்கிறது. நம் ஆட்டத்தில் கோல், கார்னர், அட்டை எல்லாம் நிமிடத்தோடு பதிவாகின்றன. ஆடிய நேரத்தை மட்டும் ரசிகர் கண்ணில் காண்பது அரிது. அணியின் ஜிபிஎஸ் கணக்கு அணிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. எண் இல்லாத இடத்தில் ஊகம் வளர்கிறது. சொந்த மாநிலத்துப் பையன் என்பதால் இறக்குகிறார்கள், இனம் பார்த்து உட்கார வைக்கிறார்கள் என்ற அளவுக்குப் பேச்சு போவதையும் கேட்டிருக்கிறேன்; அப்படிச் சொல்பவரிடம் மறுத்துக் காட்ட என் கையிலும் எதுவும் இருப்பதில்லை.

மலேசிய ரசிகருக்கு இந்த எரிச்சல் கூடுதலாக இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை ஷூட்அவுட்டில் வென்ற அணி, இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக 5-2 என முன்னிலை பெற்றிருந்தது. அதை வென்றிருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றிருக்கும். ஆட்டம் 6-6 என முடிந்து, ஷூட்அவுட்டில் ஜப்பான் 3-1 என வென்றது. கோல் காவலர் எஸ். குமாரை அந்தப் போட்டி முழுவதும் கொண்டாடிய எங்கள் கடை, அன்று சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டது. இப்படிக் கையில் இருந்ததை நழுவவிட்ட நினைவுகளோடு சென்னை ஆட்டத்தைப் பார்த்தவருக்கு, 45ஆவது நிமிடத்தில் பெஞ்சில் இருந்த எவரும் குற்றச்சாட்டாகத்தான் தெரிவார். முன்னிலையில் இருக்கும்போது புதிய கால்களை முன்னே அனுப்பி எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்குவதா, இல்லை அனுபவசாலிகளைப் பின்னே குவித்துக் காப்பதா என்பது ஹாக்கியில் உண்மையாகவே இரு பக்கமும் வாதம் உள்ள கேள்வி. முதல் வழியில் பின்னால் இடைவெளி விழும். இரண்டாவது வழியில் பந்து நம் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அங்கே காலில் பட்டால் கார்னர், கோலைத் தவறான முறையில் தடுத்தால் ஸ்ட்ரோக். எனக்கு முதல் வழியே பிடிக்கும். கடைசிப் பத்து நிமிடத்துக்கு யாரை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார் என்பதை வைத்தே ஒரு பயிற்றுநரை நான் எடைபோடுகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் தேசிய அணிக்குப் பொருந்தும். பள்ளி அணிக்கு வரும்போது நான் முழுமையாகப் பெஞ்சில் இருப்பவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறேன். என் அக்காள் மகன் இடைநிலைப்பள்ளி அணியில் இருந்தான். தோட்டத்து லயத்திலிருந்து அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவன் அப்பா. மட்டையையும் கால் காப்பையும் தவணையில்தான் வாங்கினார்கள். ஒரு போட்டிக்கு மூன்று நாள் வெளியூர் போய் வந்தான். பையைத் திறந்த அக்காள், சட்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இத தொவைக்க வேணாம்” என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். மூன்று நாளில் அவன் ஆடியது நான்கு நிமிடம், அதுவும் அணி ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்தில்.

பதினைந்து வயதில் பெஞ்சு பம்பு நிரப்பும் இடமன்று. அந்த வயதில் ஆடுவதே பயிற்சி. திடலில் நிற்காமல் எந்த இடத்தில் நிற்பது என்று கற்க முடியாது. மாற்றத்துக்கு வரம்பே இல்லாத ஓர் ஆட்டத்தில், ஒரு பையனை ஒவ்வொரு கால் பகுதியிலும் மூன்று நிமிடம் இறக்குவதால் எந்த அணியும் மூழ்கிவிடாது. விதியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பதினொரு பேரை வைத்துக்கொண்டு கேடயம் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் இடம் கொடுப்பதில்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கோ மாநில அணிக்கோ ஆள் தேடி வருபவர் திடலில் ஆடுபவரைத்தான் பார்ப்பார். நோட்டில் வட்டமாக இருப்பவரைப் பார்க்கமாட்டார். அக்காள் மகன் அடுத்த ஆண்டு பூப்பந்துக்குப் போய்விட்டான். அங்கே பெஞ்சு இல்லை என்றான்.

தண்டல் மாமாவின் நோட்டில் இப்போது ஒரு புதிய வரிசை சேர்ந்திருக்கிறது. கார்னர் கிடைக்கும் ஒவ்வொரு முறையும், நம் வீச்சாளர் அந்த நொடியில் உள்ளே இருந்தாரா, வெளியே இருந்தாரா என்பதைச் சிவப்புப் பேனாவில் குறிக்கிறார். போன முறை ஈப்போவில் மூன்றாம் கால் பகுதியில் அந்தப் பேனாவில் மை தீர்ந்துபோய், முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு பள்ளிப் பெண்ணிடம் ஊதா நிறப் பேனா ஒன்றை இரவல் வாங்கினார். அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு கார்னர்களும் ஊதாவில் இருக்கின்றன, இரண்டும் வட்டம்.